துரை மேசைக்கு இந்தப் பக்கம்

அலுவிகாரை
21.01.1996

அன்புள்ள மச்சான்,

பொங்கல் நல்லபடியாகப் போனது. அத்தைக்குப் பல்வலி விட்டுவிட்டது, வெற்றிலைதான் விடவில்லை. மற்ற நலம் எல்லாம் கடிதத்தின் கடைசியில். முதலில் விஷயம்.

சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் நியமனம் வந்துவிட்டது. நீதிமன்றத்தில் சத்தியம் செய்தேன், முத்திரையும் செய்வித்துக்கொண்டேன். முன்னறை ஜன்னலுக்குப் பக்கத்தில் மூன்று மொழியிலும் பெயர்ப்பலகை தொங்குகிறது. அறை இருக்கிறது, டைப்ரைட்டர் இருக்கிறது, நான் இருக்கிறேன். மேசை இல்லை. சாப்பாட்டு மேசையின் அந்தப் பக்கம் அத்தை வெங்காயம் உரிக்கிறார், இந்தப் பக்கம் நான் ஒருவருடைய விவாகப் பதிவைச் சிங்களத்தில் அடிக்கிறேன். போன வாரம் ஒரு பத்திரத்தோடு வெங்காயத் தோலும் அரசாங்கக் கச்சேரிக்குப் போய்விட்டது. அங்கேயிருந்த கிளார்க் அதைத் திருப்பி அனுப்பி, "இதற்கு மொழிபெயர்ப்பு எங்கே?" என்று கேட்டிருக்கிறார்.

புது மேசை வாங்கப்போவதில்லை. இப்போது கடையில் விற்பதெல்லாம் மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை, ஒரு அடைமழைக்கு ஊதிவிடும். பழைய மேசையாகத் தேடினேன். மூன்று பார்த்தேன்.

வஹகோட்டையில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்து மேசை. சரிவான மூடியைத் திறந்து இறக்கினால் எழுதும் பலகை, உள்ளே சின்னச் சின்னப் பொந்துகள். கண்ணை விட்டு அகலாது. ஆனால் சாமான் வைக்கும் லாச்சியை இழுத்தேன், மாவு கொட்டியது. பூச்சி அரித்துவிட்டது. அந்த மூடி டைப்ரைட்டரையும் தாங்காது.

நாவுலையில் ஒரு வாத்தியார் மேசை. பலா மரம். நாலு கால், ஒரு லாச்சி, கீழே வெறும் வெளி. இரண்டு பேர் எதிரும் புதிருமாகக் கால் நீட்டி உட்காரலாம். ஆட்டம் இல்லை. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

மூன்றாவதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மாத்தளையில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் ஜைனுதீன் நானாவிடம் இருக்கிறது. உங்கள் கல்லுமலைத் தோட்டத்துப் பெரியதுரையின் ஆபீஸ் மேசை. தோட்டத்தைக் கம்பெனி எடுத்த பிறகு இரும்பு மேசை வந்து, இது ஏலத்துக்குப் போயிருக்கிறது. நெதுன் மரம். யானை படுத்திருப்பதுபோல இருக்கிறது. சொல்லிவைப்போம் என்று சொன்னேன், அவ்வளவுதான். நாவுல மேசையை வாங்குகிறேன்.

அன்புடன்
சந்திரகாந்தா


டோஹா
09.02.1996

அன்புள்ள சந்திரா,

நாவுல மேசையை வாங்காதே. துரை மேசையை வாங்கு.

காரணம் சொல்கிறேன். எனக்கு எட்டு வயது. ஒரு நாள் அப்பாவை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். நானும் வேட்டியைப் பிடித்துக்கொண்டு போனேன். துரை அந்த மேசைக்குப் பின்னால் இருந்தான். அவன் முகத்தை எனக்கு நினைவில்லை, மேசைதான் நினைவிருக்கிறது. என் உயரத்துக்கு எனக்கு முன்னால் இருந்தது அதன் முன்பலகை மட்டும்தான். சுவர் மாதிரி. அதற்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "முத்துவீரன், மழையில வேலைய விட்டுட்டு ஆட்களச் சேத்து நின்னு பேசினியா?"

அப்பா அன்று மழையில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார், காய்ச்சலோடு. தோட்டம் முழுக்க அதற்குச் சாட்சி. "இல்லைங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் சொன்னது, "ஆமாங்க தொர." தோட்டத்து வேலைப் பதிவிலிருந்து பேரை வெட்டிவிட்டார்கள். பிறகு நாங்கள் பட்டது உனக்குத் தெரியும். அப்பா செத்து இத்தனை வருஷமாகியும் அந்த "ஆமாங்க" எனக்கு ஆறவில்லை. துரைமேல் உள்ள கோபத்தைவிட அப்பாமேல் உள்ள கோபம் பெரிது.

அந்த மேசை என் வீட்டில் இருக்கவேண்டும். முத்துவீரன் மருமகள் அதன் பின்னால், துரை உட்கார்ந்த இடத்தில் உட்காரவேண்டும். அதைப் பார்க்கத்தான் நான் இந்த மணலில் இரும்புக் கம்பி எண்ணுகிறேன்.

நீ உத்தியோகத்தர் குவாட்டர்சில் பிறந்தவள். உன் அப்பா டிஸ்பென்சர், அவருக்குத் துரை உட்காரக் கதிரை கொடுத்திருப்பான். உனக்கு மேசை என்றால் மரம். எனக்கு அப்படியில்லை.

கொழும்பில் குண்டு வெடித்ததை இங்கே டீவியில் பார்த்தோம். நீயும் அம்மாவும் அடையாள அட்டை இல்லாமல் கடைத்தெருவுக்குக்கூடப் போகவேண்டாம்.

அழகமுத்து


அலுவிகாரை
03.03.1996

அன்புள்ள மச்சான்,

வாங்கிவிட்டேன். சந்தோஷமா?

உங்கள் கடிதம் வந்த அன்று எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு நாள் பதில் எழுதவில்லை. என் வேலைக்கு என் மேசை, அதில் உங்கள் பழைய கணக்கு எதற்கு என்றுதான் நினைத்தேன். பிறகு அந்த முன்பலகையை எட்டு வயதில் பார்த்துக்கொண்டு நின்ற ஆளை நினைத்தேன். சரி என்று போனேன்.

குவாட்டர்ஸ்காரி என்று எழுதினீர்கள். ஆமாம். எங்கள் வீட்டில் நான்கு கதிரை இருந்தது. அதற்காக நான் என்ன செய்ய, இப்போது போய்த் தொழிலாளர் லயத்தில் பிறந்துவிட்டு வரவா?

கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. ஆறு லாச்சியையும் உருவிப் பார்த்தேன். ஓரங்களில் பலகைகள் பல்லுக்குப் பல் கோத்திருக்கின்றன, ஓர் ஆணி கிடையாது. அடியில் டார்ச் அடித்தேன், ஒரு பூச்சித் துளை இல்லை. பித்தளைக் கைப்பிடிகளில் ஒன்று மட்டும் பிற்காலத்தது. மேலே ஒட்டிய பச்சைத் தோல் ஓரிடத்தில் சுருட்டு சுட்டுக் கருகியிருக்கிறது.

"அதெ மாத்தித் தாரன் மகள்" என்றார் ஜைனுதீன் நானா.

"வேணாம் நானா. அத வச்சுத்தான் விலையக் கொறைக்கப்போறேன்."

"அல்லாஹ்வே! இவட மாப்புள வெளிநாட்டுல ஈக்கிது, இவ எனக்கிட்ட சூடு பட்ட கதெ பேசுற."

விலை படிந்தது. ஆனால் நம் வாசலில் மேசை நுழையவில்லை. நான்கு பேர் தூக்கி வைத்துக்கொண்டு நிற்க, நானா சிரித்தார். அது ஒரே மேசை இல்லையாம். மேல்பலகை தனி, இரண்டு பக்கத்து லாச்சிப் பெட்டிகள் தனி, முன்பலகை தனி. திருகாணியைக் கழற்றித் துண்டு துண்டாக உள்ளே கொண்டுபோய்ப் பூட்டினார்கள்.

ஒன்று கவனித்தேன். துரை பக்கத்து விளிம்பு தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. எதிர்ப்பக்க விளிம்பு நேற்றுச் சீவியதுபோலக் கூராக இருக்கிறது. இத்தனை காலத்தில் அந்தப் பக்கம் ஒரு கையும் பட்டதில்லை.

அத்தை சமையலறையிலிருந்து வந்தார். முன்னறை வாசலில் செருப்பைக் கழற்றினார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். "நம்ம வீடுதானே அத்தை, வந்து ஒக்காருங்க" என்றேன். "தெரியும்மா" என்றார். உட்காரவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றைக்கு ரசத்தில் உப்பு இல்லை.

சந்திரகாந்தா


டோஹா
28.03.1996

அன்புள்ள சந்திரா,

உன் கடிதத்தை அறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். பண்டாரவளைக்காரன் ஒருவன் எழுந்து கை தட்டினான். நீ அந்த மேசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு போட்டோ உடனே அனுப்பு. நிமிர்ந்து உட்கார்.

என் ஒப்பந்தம் வருஷக் கடைசியில் முடிகிறது. மேனேஜர் இன்னும் இரண்டு வருஷத்துக்குப் பேப்பர் எழுதி வைத்திருப்பதாகச் சொல்கிறார்கள். கூப்பிட்டால் கையெழுத்துப் போடவேண்டியதுதான். அவரிடம் யாரும் மாட்டேன் என்பதில்லை.

அம்மாவுக்கு மெல்ல மெல்லப் பழகிவிடும்.

அழகமுத்து


அலுவிகாரை
12.05.1996

அன்புள்ள மச்சான்,

போட்டோ இத்துடன். நிமிர்ந்துதான் உட்கார்ந்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால் அந்த மேசைக்குப் பின்னால் யாராலும் கூனி உட்காரமுடியாது.

வேலை குவிகிறது. குண்டு வெடித்த பிறகு தமிழனுக்குக் காகிதம் இல்லாமல் மூச்சுவிட முடியாது. பஸ்ஸில் ஏற அட்டை, இறங்க அட்டை. அட்டை எடுக்கப் பிறப்புப் பத்திரம், அந்தப் பத்திரத்துக்கு மொழிபெயர்ப்பு. இந்த நாட்டில் நூற்றைம்பது வருஷம் தேயிலைக்கும் மிளகுக்கும் முதுகு வளைத்தவர்கள் பிறந்தோம் என்பதை நிரூபிக்க என் வாசலில் வரிசையில் நிற்கிறார்கள். நிரூபிக்கச் சொல்கிறவனின் பாட்டனுக்கு எந்தப் பத்திரம் இருந்தது என்று நான் கேட்க முடியாது. முத்திரை குத்தத்தான் முடியும். குத்துகிறேன், நன்றாக அழுத்தி.

உங்கள் மேசை வந்தபிறகு வேலை சுறுசுறுப்பு. முன்பு ஒரு பத்திரம் கொண்டுவந்தால் அரைமணி நேரம் குடும்பக் கதை கேட்கவேண்டும். பெரியம்மா இந்தியா போனது, மாமன் திரும்பி வந்தது, எல்லாம். இப்போது கேட்டதற்கு மட்டும் பதில் வருகிறது. முன்னால் இரண்டு கதிரை போட்டிருக்கிறேன், யாரும் உட்காருவதில்லை. முன்பலகை காலை இடிக்கிறதோ என்னவோ. நின்றபடியே முடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். மரியாதை கூடியிருக்கிறது என்று நினைக்கிறேன். எனக்கும் அது கசக்கவில்லை, பொய் சொல்வானேன்.

கல்லுமலையிலிருந்தும் ஒரு பெண் வந்தாள். இராமசாமியின் மகள் இலட்சுமியாம், அத்தைக்குத் தெரிகிறது. கொழும்புப் பக்கம் ஆடை ஃபேக்டரியில் வேலை கிடைத்திருக்கிறது, அட்டை வேண்டும். "இது உன் பத்திரமா?" "ஆமாங்க." "பிறந்தது எழுபத்திரண்டா?" "ஆமாங்க." தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. எல்லோரும் இப்படி இருந்தால் நான் ஒரு நாளைக்கு இன்னும் பத்துப் பத்திரம் முடிப்பேன்.

அத்தை இன்னும் முன்னறைக்கு வந்தால் நிற்கிறார். கூட்டுவதற்கு மட்டும் வருகிறார்.

சந்திரகாந்தா


அலுவிகாரை
02.09.1996

மச்சான்,

உங்களுடைய இரண்டு கடிதத்துக்கும் பதில் எழுதவில்லை. எழுதும் நிலையில் இல்லை. இப்போது எழுதுவதை முழுதாகப் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

இலட்சுமிக்கு ஜூலையில் அட்டை கிடைத்தது. ஃபேக்டரியில் சேர்ந்தாள். போன மாதம் லீவில் வரும்போது சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி இறக்கியிருக்கிறார்கள். தோட்டத்து முகவரியைப் பார்த்த ஒருவன் தோட்ட ஆபீசுக்குப் போன் போட்டிருக்கிறான். ஆபீசில் பதிவைப் புரட்டி, அந்தத் தேதியில் பிறந்த இராமசாமி மகள் இலட்சுமி எழுபத்திநாலில் செத்துவிட்டாள் என்று பதில் சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவுதான். செத்தவள் பெயரில் அட்டை வைத்துக்கொண்டு கொழும்புக்குப் போய்வரும் தமிழ்ப் பெண் யார்? இந்த வருஷத்தில் இந்தக் கேள்விக்கு அவர்களிடம் ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது.

அவளைப் பூட்டிவைத்துவிட்டு போலீஸ் ஜீப்பில் நம் வீட்டுக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவன் என் முத்திரை குத்திய காகிதத்தை என் மேசையிலேயே போட்டு, "நீ எத்தனை பிணத்துக்கு அட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறாய்?" என்று சிங்களத்தில் கேட்டான். அத்தை சுவரோடு சுவராக நின்றார். நான் வழக்கறிஞரை அழைத்துக்கொண்டு போய், சிங்களத்திலேயே சண்டை போட்டு, பிணையில் அவளை வெளியே கொண்டுவந்தேன். அட்டையைப் பறித்துக்கொண்டார்கள். என் நியமனத்தைப் பற்றி எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள்.

வெளியே வந்து பஸ் நிலையத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்தோம். பனிசும் தேநீரும் வாங்கிக் கொடுத்தேன். அவள் தின்று முடிக்கும்வரை எனக்குப் பொறுக்கவில்லை.

"நான் கேட்டேன்தானே, இது ஒன்னோட பத்திரமான்னு?"

"கேட்டீங்க அக்கா."

"நீ ஆமான்னு சொன்னே."

"ஆமாங்க."

"அது யாரோடது?"

"எங்க பெரியக்காவோடது. பஞ்சத்துல செத்துப்போச்சு. அடுத்த வருசம் நான் பொறந்தேன். அது பேரையே எனக்கு வச்சிட்டாங்க. நான் பொறந்தத யாரும் பதியல."

"இத அன்னைக்கே சொல்றதுக்கு என்னடி?"

"சொல்லத்தான்கா வந்தேன். கீழ ரோட்டுலருந்து மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே வந்தேன். உள்ள வந்து பாத்தா தொர மேச. தோட்டத்து வேலைக்குப் பேர் பதியப் போனப்ப அது முன்னாலதான் நின்னேன். எங்கம்மாவும் அது முன்னாலதான் நின்னுச்சு. அங்க போய் நின்னா வாயில வேற ஒன்னும் வரமாட்டேங்குது. ஆமாங்கதான் வருது."

அப்புறம் அந்த வாங்கில் உட்கார்ந்துகொண்டு அவள் பேசினாள் பாருங்கள். பஸ் மூன்று போய்விட்டது. எழுபத்திநாலில் லயத்தில் மாவும் இல்லாமல் பாண் ரொட்டியும் இல்லாமல் மரவள்ளி இலை அவித்துத் தின்றது, அந்தக் குழந்தைக்கு வயிறு ஊதியது, எல்லாம் அவள் அம்மா சொல்லிச் சொல்லி இவள் பார்த்ததுபோல வைத்திருக்கிறாள். தோட்டத்துப் பதிவில் வயிற்றோட்டம் என்று எழுதியிருக்கிறதாம். பசி என்று எழுத அந்தப் பதிவில் இடம் கிடையாது. ஒரு பிள்ளையைப் பசிக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த பிள்ளைக்கு அதே பெயரை வைத்து, அதே பத்திரத்தை எடுத்துவைத்தவர்கள் நம் ஆட்கள். இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. அந்த அரைமணி நேரக் குடும்பக் கதையில்தான் இருந்தது. எனக்கு நேரம் மிச்சம் என்று நினைத்தேனே, அந்தக் கதையில்.

மரியாதை என்று எழுதியிருந்தேன். அது மரியாதை இல்லை.

வீட்டுக்கு வந்து என் மேசைக்கு முன்னால், வருகிறவர்கள் நிற்கும் இடத்தில் நானே நின்று பார்த்தேன். பலகை இடுப்புவரை சுவர். அந்தப் பக்கம் என் காலிக் கதிரை. எனக்கே செருப்பைக் கழற்றத் தோன்றியது, நான் குவாட்டர்ஸ்காரி.

மார்ச்சிலிருந்து என் முன்னால் "ஆமாங்க" சொன்ன ஒவ்வொருவரையும் திரும்ப வரச்சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறேன். அவர்கள் வருவதற்குள் முன்பலகையைக் கழற்றப்போகிறேன்.

சந்திரகாந்தா


டோஹா
27.09.1996

சந்திரா,

இலட்சுமி விஷயம் கேட்டு எனக்குத் தூக்கம் இல்லை. இராமசாமி அண்ணன் என்னைத் தோளில் தூக்கித் திருவிழா பார்க்கவைத்தவர். வழக்கறிஞர் செலவு எதுவானாலும் நான் அனுப்புகிறேன்.

ஆனால் பலகையைத் தொடாதே.

நன்றாக யோசித்துப் பார். துரை மேசையை அப்படியே, முழுசாக, ஒரு கீறல் இல்லாமல் வைத்து அதன் பின்னால் நாம் உட்காருவதுதான் பழி. பலகையைக் கழற்றினால் அது வெறும் பழைய சாமான். நாவுல மேசையையே வாங்கியிருக்கலாம். அது என் பலகை. அதைப் பார்த்துக்கொண்டு நின்றது நான்.

நம் ஆட்கள் உட்காரப் பழகட்டும். மேசை என்ன செய்யும்? "உட்கார்" என்று நீ அதட்டு. எல்லாவற்றையும் அவர்களுக்காக வளைத்துக்கொண்டிருந்தால் அவர்கள் எப்போது நிமிர்வது?

எனக்குத் தெரியாமல் எதுவும் செய்யாதே.

அழகமுத்து


அலுவிகாரை
20.10.1996

அன்புள்ள மச்சான்,

உங்களுக்குத் தெரிந்தேதான் செய்தேன். போன கடிதத்தில் எழுதிவிட்டுத்தான் செய்தேன். உங்கள் பதில் வருவதற்குள் பலகை கழன்றுவிட்டது.

நீங்கள் எழுதியதற்குப் பதில் சொல்கிறேன். "உட்கார்" என்று பலகையைக் கழற்றும் முன்பே அதட்டிப் பார்த்தேன். அவர்கள் சொன்னது என்ன தெரியுமா? "ஆமாங்க." சொல்லிவிட்டு நின்றார்கள்.

பழி என்கிறீர்கள். துரைமேல் பழியா? அவன் எங்கேயோ குளிர் ஊரில் கிழவனாகப் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பான். அவன் மேசை உங்கள் வீட்டில் இருப்பது அவனுக்குத் தெரியாது, தெரிந்தாலும் சிரிப்பான். நாம் பின்னால் உட்கார்ந்தால் முன்னால் நிற்பது யார் என்று ஒரு தடவை பாருங்கள். துரை இல்லை, இலட்சுமி. உங்கள் அம்மா. உங்கள் அப்பா உயிரோடு இருந்திருந்தால் அவரும் நின்றிருப்பார், நான் கேட்டதற்கெல்லாம் தலையாட்டியிருப்பார். உங்கள் அப்பாவின் "ஆமாங்க"வுக்கு நீங்கள் இத்தனை வருஷம் கோபப்பட்டீர்கள். நான் அதே பதிலைத் தினமும் கேட்டுவாங்கி முத்திரை குத்தியிருக்கிறேன்.

தச்சர் ஸக்கரியா பாஸ் வந்தார். எதையும் அறுக்கவில்லை, பயப்படவேண்டாம். திருகாணியைக் கழற்றி முன்பலகையை எடுத்தார். இடதுபக்க லாச்சிப் பெட்டியை மட்டும் திருப்பி வைக்கச் சொன்னேன். இப்போது மூன்று லாச்சி என் பக்கம், மூன்று லாச்சி வருகிறவர்கள் பக்கம். நடுவில் வெளி. இரண்டு பக்கமும் காலை நீட்டலாம். டைப்ரைட்டருக்குச் சன்னலோரம் தாழ்வாக ஒரு பலகை அடித்தாயிற்று, தோள்வலியும் போயிற்று.

முன்பலகை மிச்சம் கிடந்தது. நெதுன் பலகை, ஓர் ஆள் நீளம். "இத என்ன செய்ய, வெறகா?" என்றார் பாஸ். "கால் அடிங்க" என்றேன். அதை வாங்காக்கி மேசைக்கு எதிரே போட்டிருக்கிறேன். மூன்று பேர் உட்காரலாம். நீங்கள் எட்டு வயதில் பார்த்துக்கொண்டு நின்ற சுவரில் இப்போது ஆட்கள் உட்காருகிறார்கள். இதைவிடப் பெரிய பழி உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

விஷயம் கேள்விப்பட்டு ஜைனுதீன் நானா வந்தார். வாசலிலேயே தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மகள், பாதி விலெ போச்சி."

"நான் விக்கப்போறதில்லையே நானா."

"அதுக்காக? இப்பிடிப்பட்ட சாமானெ நான் மறுகா எங்க போய்த் தேட?"

புலம்பிக்கொண்டே அந்த வாங்கில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் முழங்கையை மேசையில் ஊன்றினார். தேநீர் கேட்டார். சீனி போதாது என்றார். தன் மகளுடைய பத்திரத்தில் நான் போன மாதம் எழுதிய தெருப் பெயர் பிழை என்றார். "அப்பவே சொல்றதுக்கென்ன நானா?" என்றேன். யோசித்தார். "அப்ப நின்டுக்கிட்டு ஈந்தேன்" என்றார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

என் விளக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன். மறைக்கவில்லை. கேட்கவேண்டியதைக் கேட்கவேண்டிய விதத்தில் கேட்கவில்லை என்று எழுதினேன். முத்திரையைப் பிடுங்கினால் பிடுங்கட்டும், இந்த வாங்கு என்னிடம் இருக்கும்.

இன்னொன்று கேட்கவேண்டும். உங்கள் மேனேஜர் மேசைக்கு முன்னால் கதிரை இருக்கிறதா?

சந்திரகாந்தா


டோஹா
14.11.1996

அன்புள்ள சந்திரா,

உன் கடிதத்தைக் கிழித்தேன். பிறகு ஒட்டிப் படித்தேன்.

நீ கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. நாலு வருஷமாக அந்த அறைக்குப் போய்வருகிறேன், கதிரை இருக்கிறதா என்று நான் பார்த்ததே இல்லை. போன செவ்வாய்க்கிழமை கையெழுத்துக்குக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தேன். இருக்கிறது. சுவரோரமாக இரண்டு. அதில் ஒன்றில் ஃபைல் அடுக்கியிருந்தது.

மற்றதை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மேனேஜர் பேனாவை நீட்டிய கை அப்படியே நின்றது. "யார் உன்னை உட்காரச் சொன்னது?" என்றார். எழுந்துவிடத்தான் கால் போனது சந்திரா. உண்மையைச் சொல்கிறேன், பாதி எழுந்தும் விட்டேன். அப்போது அப்பாவின் வேட்டி என் கையில் இருப்பதுபோல இருந்தது. திரும்ப உட்கார்ந்து, பேப்பரைப் படித்துக் காட்டச் சொன்னேன். லீவு கிடையாது என்று அதில் ஒரு வரி இருந்தது. போன தடவையும் அது இருந்திருக்கும். நான் படிக்காமல் போட்டிருக்கிறேன்.

"இரண்டு வருஷம் முடியாது, ஒரு வருஷம்" என்றேன். கத்தினார். டிக்கெட் எடுத்து அனுப்பிவிடுவேன் என்றார். சரி என்றேன். கடைசியில் இரண்டை வெட்டி ஒன்று என்று எழுதினார். கையெழுத்தை வருஷக் கடைசியில் போடுவதாகச் சொல்லிவிட்டு வந்தேன். வெளியே வந்து கழிவறையில் வாந்தி எடுத்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

அப்பாவால் ஏன் முடியவில்லை என்று இப்போது தெரிகிறது. எனக்கு ஒரு கதிரையாவது இருந்தது.

வாங்கைப் பற்றி எழுதியதை இன்னும் இரண்டு தடவை படித்தேன். மினுக்கம் போகாமல் வை.

அம்மாவிடம் ஒரு வருஷம்தான் என்று சொல்லிவிடு.

அழகமுத்து


அலுவிகாரை
23.11.1996

அன்புள்ள மச்சான்,

அவசரமாக எழுதுகிறேன், இன்றைய தபாலில் போகவேண்டும். பக்கத்தில் ஆள் உட்கார்ந்து அவசரப்படுத்துகிறார். யார் என்று கடைசியில் தெரியும்.

என் முத்திரையைப் பிடுங்கவில்லை. எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டார்கள். திரும்பக் கூப்பிட்டவர்களில் அநேகமாக எல்லோரும் வந்துவிட்டார்கள். ஐந்து பத்திரத்தில் பிழை. ஒன்றில் மாமனை அப்பன் ஆக்கியிருக்கிறேன். எல்லாவற்றையும் திருத்தி, என் செலவில் அடித்துக் கொடுத்தேன்.

இலட்சுமிக்குக் காலங்கடந்த பிறப்புப் பதிவுக்கு மனுப் போட்டோம். சத்தியக்கடதாசியை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். வாங்கில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இராமசாமி அண்ணன். பாதியில் கையைத் தூக்கினாள்.

"இல்லக்கா."

"என்ன இல்ல?"

"பெரியக்கா நோயால எறந்ததுன்னு எழுதியிருக்கீங்க. நோயால இல்ல. பசியால."

"அது உன் பதிவுக்குத் தேவையில்லடி. அவங்க பதிவுல வயித்தோட்டம்னு இருக்கு."

"இருக்கட்டும். நான் சத்தியம் பண்றது பசின்னுதான்."

மாற்றி அடித்தேன். மொழிபெயர்ப்பில் ஒரு சொல்லைக்கூட மென்மையாக்கவில்லை. அப்படியே போயிருக்கிறது, முத்திரையோடு. அந்தப் பழைய பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தபோது கிழித்துப் போடுவாளென்று நினைத்தேன். மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். "இது அதோட ஐடென்டி" என்றாள்.

அத்தை கதைக்கு வருகிறேன். வாங்கு வந்து ஒரு வாரம் அதைச் சுற்றிச் சுற்றிக் கூட்டினார். பிறகு ஒரு நாள் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு ஓரமாக உட்கார்ந்தார். மறுநாள் நடுவில். இப்போது வெற்றிலைத் தட்டத்தை அவர் பக்கத்து லாச்சியில் வைத்திருக்கிறார். அந்தக் கூரான விளிம்பு இருந்ததே, யார் கையும் படாதது, அதில் சுண்ணாம்பு தேய்த்து வைத்திருக்கிறார். துடைத்தால் மறுபடி தேய்க்கிறார். நான் துடைப்பதை விட்டுவிட்டேன். ஜைனுதீன் நானா பார்த்தால் மீதிப் பாதி விலையும் போய்விட்டது என்பார்.

உங்கள் கடிதத்தை அவருக்கு வாசித்தேன். நீங்கள் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். "ஒங்க மாமா பாக்கல" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மிச்சத்தப் படி" என்றார். ஒரு வருஷம் என்ற வரியைப் படித்தேன்.

அத்தை மேசையில் அறைந்தார். சுருட்டு சுட்ட இடத்திலேயே அடி விழுந்தது. சன்னலோரத்து டைப்ரைட்டர்கூட அதிர்ந்து மணி அடித்தது.

"இவன் இன்னும் கையெழுத்து வைக்கலதானே? எழுதும்மா நான் சொல்றத. சொல்லுக்குச் சொல்லு எழுதணும், நீ பாட்டுக்கு அழகுபடுத்தாத."

சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஆகையால், உங்கள் அம்மா சுந்தரம்மா வாங்கில் உட்கார்ந்து சொன்னதை அப்படியே எழுதி முத்திரை குத்தி அனுப்புகிறேன்:

"ஒரு வருசம் இல்ல. ஆறு மாசமும் இல்ல. பொங்கலுக்கு வா."